மேற்குச் சன்னலில் செபஸ்தியார்

ஸ்டான்லி கண்ணாடிக்குப் பயந்தவன். கண்ணாடிதான் அவனுக்குத் தொழில்.

திண்டுக்கல்லில் கண்ணாடி வேலை பார்க்கிறவர்களைக் கையை நீட்டச் சொன்னால் தெரியும். ஒருவருக்கு விரல் மடங்காது. ஒருவருக்கு முன்கையில் தையல் போட்ட தழும்பு ஓடும். ஸ்டான்லியின் கைகள் மட்டும் பேங்க் குமாஸ்தாவின் கைகள் போல இருந்தன. தூக்குவதற்கு முன் தட்டிப் பார்ப்பான். தட்டுவதற்கு முன் ஓரத்தைத் தடவிப் பார்ப்பான். தடவுவதற்கு முன் சும்மா நின்று பார்ப்பான். "பொண்ணு பாக்க வந்திருக்கான்லே" என்று கூட வேலை பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். அவன் கோபப்பட்டதில்லை. கோபப்படவும் அவனுக்குப் பயம்.

பிறவியில் வந்த பயம் அல்ல. தொண்ணூறுகளின் நடுவில், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு நகைக்கடைக்கு முகப்புக் கண்ணாடி போட்டான். மேற்குப் பார்த்த கடை. ஆள் உயரத்துக்கு மேல் கண்ணாடி. கடைக்காரர்கள் அதில் பாதிக்கு உள்பக்கமாகக் கறுப்பு வெல்வெட் துணியை இழுத்துக் கட்டி நகைகளை மாட்டினார்கள். ஏசியையும் கூட்டி வைத்தார்கள். சித்திரை வெயில். சாயங்காலம் ஆவதற்கு முன், யாரும் தொடாமல், கல் ஒன்றும் படாமல், கண்ணாடி சொடக்கு எடுத்தது. எதிரே டீக்கடையில் நின்ற ஸ்டான்லிக்கு அது கேட்டது. கீழ் ஓரத்திலிருந்து ஒரு கோடு புறப்பட்டு, போகிற இடம் தெரியாததுபோல வளைந்து வளைந்து மேலே போனது. பிறகு மேல் பாதி இறங்கியது. கம்மல் வாங்கிக்கொண்டு படியிறங்கிய ஒரு பெண்ணின் குதிகாலுக்குப் பின்னால் விழுந்து நொறுங்கியது. அவள் திரும்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். அவள் பட வேண்டிய பயமும் சேர்ந்து ஸ்டான்லிக்கு வந்துவிட்டது.

மதுரையில் கண்ணாடி மொத்த வியாபாரம் செய்கிறவர் காரணம் சொன்னார். துணி மறைத்த இடம் சூடேறி விரியும். சட்டத்துக்குள் இருக்கிற ஓரம் குளிர்ந்து அப்படியே நிற்கும். இரண்டும் இழுத்துக்கொள்ளும். இரும்பு என்றால் வளைந்து கொடுக்கும், மரம் என்றால் முறுக்கிக்கொள்ளும். கண்ணாடிக்கு இரண்டும் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான்.

அதற்குப் பிறகு ஸ்டான்லி மேற்குப் பார்த்த கண்ணாடி எதையும் தாண்டி நடக்கும்போது ரோட்டின் மறுபக்கம் போய்விடுவான். அவன் மனைவி சகாயசெல்வி, "கல்யாணத்துக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்தா ஒரு இரும்புக்கடைக்காரனக் கட்டியிருப்பேன்" என்பாள்.

வடமதுரை ரோட்டில், நகரம் முடிகிற இடத்தில் அவர்களுடைய பங்குக் கோயில், அந்த வட்டாரத்துக் கத்தோலிக்கர்களுக்கெல்லாம் பொது. வெள்ளைக்காரச் சாமியார்கள் கட்டியது. அதன் மேற்குச் சுவரோடு ஒட்டினாற்போல ஒரு சின்னக் கோயில், நற்கருணை அப்பத்துக்கு முன்னால் மௌனமாக இருந்து ஜெபிக்கிற இடம். அதன் ஒரே சன்னலில் செபஸ்தியார் இருந்தார். கப்பலில் வந்தவர். மரத்தில் கட்டுண்டு, உடம்பில் ஆறு அம்புகள் தைக்க, மேலே பார்த்து நிற்பார். சிவப்பும் நீலமும் மஞ்சளுமான துண்டுக் கண்ணாடிகளை ஈயப் பட்டையால் கோத்துச் செய்த உருவம். பேதி கண்டு ஊர் செத்த காலத்தில் காத்தவர் அவர் என்று எல்லோரும் சொல்வார்கள். சாயங்கால வெயில் அவர் வழியாக உள்ளே வரும்போது, பெஞ்சில் இருப்பவர்களின் வெள்ளைச் சட்டைகளில் ரத்தம் சிந்தினாற்போல இருக்கும்.

2005இல், குவைத்தில் வேலை பார்க்கிற பங்குக்காரர் ஒருவர் சின்னக் கோயிலுக்கு இரண்டு ஏசி வாங்கிக் கொடுத்தார். குளிர் நிற்கவில்லை. ஈயத்துக்கும் கண்ணாடிக்கும் இடையில் நூறு வருஷத்து இடுக்குகள். உள்ளே குளிர்ந்தது வெளியே போயிற்று. வெளியே கொதித்தது உள்ளே வந்தது. கரண்டு பில்லைப் பார்த்துப் பங்குச்சாமியார் மதுரையிலிருந்து ஓர் இன்ஜினியரை வரவழைத்தார். சத்யபிரியா என்று பெயர். பழைய கட்டடங்களைச் சேதப்படுத்தாமல் கரண்டை மிச்சம்பிடிக்க வழி சொல்கிறவள். சன்னலுக்கு முன்னால் அவள், கண்ணாடி வேலைக்குக் கூப்பிட்டிருந்த ஸ்டான்லியைப் போலவே, செத்த நேரம் சும்மா நின்று பார்த்தாள். அதனாலேயே அவனுக்கு அவளைப் பிடித்துப்போனது.

"பழைய கண்ணாடியத் தொட வேண்டாம்ணே" என்றாள். "அது பாட்டுக்கு இருக்கட்டும். உள்பக்கம் தனியா இன்னொரு கண்ணாடி வைங்க. ரெண்டுக்கும் நடுவுல நாலு விரக்கட விடுங்க. குளிரு இந்தப் பக்கம் நின்னுக்கிரும்."

"சரிங்க மேடம்."

"ஆனா அந்த நாலு விரக்கட மூச்சு விடணும். வெளிச்சட்டத்துல கீழயும் மேலயும் ஓட்டை போடுங்க. வெளிக்காத்து கீழ நொழஞ்சு சூட்ட எடுத்துக்கிட்டு மேல போயிரும். என்ன ஆனாலும் அந்த ஓட்டைய மட்டும் அடைக்காதீங்க."

"பூச்சி வருமே மேடம்?"

"சன்னக் கம்பி வலை அடிங்க. அடைச்சா சூடு உள்ளயே நிக்கும். ஈரமும் நிக்கும். அப்புறம் என்னையக் கேக்கக் கூடாது."

கார்த்திகையில் சாரம் கட்டி வேலையை முடித்தான். ஒரே தகடாகப் பெரிய கண்ணாடி. தேக்குச் சட்டம். சுற்றிலும் சிலிக்கான். குளிர் நின்றது. சாமியார் பூசையிலேயே அவன் பெயரைச் சொல்லி நன்றி சொன்னார். ஸ்டான்லி தலையைக் குனிந்துகொண்டான்.

அவனிடம் சன்னக் கம்பி வலை இருக்கவில்லை. கொசுவலையை வெட்டி ஒட்டியிருந்தான். அணில் அதைப் பிய்த்தது. வழி கிடைத்ததும் குளவி வந்தது. மார்கழி பாதியில், செபஸ்தியாரின் விலாவில், அம்பு தைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே, விரல் நீளத்துக்கு ஒரு மண்கூடு. இரண்டு கண்ணாடிக்கும் நடுவில். உள்ளேயிருந்து பார்த்தால் எல்லோருக்கும் தெரியும். யாராலும் தொட முடியாது.

"ஏழாவது அம்பு" என்றார் கோயில்பிள்ளை சூசைமுத்து. மணி அடிப்பது, விளக்கேற்றுவது, சாவி வைத்திருப்பது எல்லாம் அவர்தான். "வெள்ளக்காரன் ஆறு விட்டான். நம்ம ஸ்டான்லி ஏழாவது விட்டிருக்கான்." ஒரு வாரத்தில் பங்கு முழுக்க அதையே சொன்னது. பூசை முடிந்து வெளியே வந்தால் பையன்கள், "அண்ணே, எட்டாவது எப்ப?" என்றார்கள்.

ஜனவரி இருபது செபஸ்தியார் திருநாள். அதற்குள் கூடு போக வேண்டும். சூசைமுத்து சொல்லிவிட்டார்: "என்னமாச்சும் பண்ணு. குளவி இனி வரப்படாது. கொடியேத்தத்துக்கு எத்தன ஊரு சனம் வரும் தெரியுமில்ல?"

ஸ்டான்லி வெளிப்பக்கம் ஏணி போட்டு ஏறினான். சட்டத்து ஓட்டை வழியாகக் கம்பியை விட்டுக் கூட்டைச் சுரண்டி எடுத்தான். பிறகு கீழே குனிந்து பார்த்தான். பையன்கள் அண்ணாந்து நின்றார்கள். ஒருவன் விரலால் எட்டு காட்டினான். சன்னக் கம்பி வலைக்கு மதுரை போய் வர வேண்டும். சிலிக்கான் குழாய் கையிலேயே இருந்தது. ஓட்டைகளை ஒவ்வொன்றாக அடைத்தான். கீழ் வரிசை, மேல் வரிசை. திருநாள் முடியட்டும், பிறகு பிரித்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டான்.

திருநாளன்று காலையில் செபஸ்தியாருக்கு வியர்த்தது.

நெற்றியில் முத்து முத்தாக நீர். பிறகு அது உருண்டு கன்னம் வழியாக இறங்கியது. முதலில் பார்த்தவர் செபாஸ்தியம்மாள். அவர் மகன் மூளைக்காய்ச்சல் கண்டு மதுரை ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தான். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்து, தன் பெயருக்குரிய புனிதரின் முன்னால் முட்டி போட்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தால் புனிதருக்கு வியர்க்கிறது. "எம் பிள்ள காய்ச்சல வாங்கிக்கிட்டாரு" என்று அந்த அம்மா போட்ட சத்தத்தில் திருநாள் கூட்டம் மொத்தமும் சின்னக் கோயிலுக்குள் நெருக்கியது. அன்று சாயங்காலம் மகன் கண் திறந்தான்.

கூட்டத்தின் கடைசியில் நின்ற ஸ்டான்லிக்கு அது என்னவென்று தெரிந்தது. அது ஈரம். மூச்சு விட வழியில்லாமல் நடுவில் மாட்டிக்கொண்ட மார்கழி ஈரம் ஏசிக் குளிரில் கண்ணாடியில் படிந்திருக்கிறது. அந்த அம்மா அதை விரலால் தொட்டு மகன் நெற்றியில் பூச ஆசைப்பட்டு, உள்கண்ணாடியைத் தடவித் தடவிப் பார்த்தார். நீர் மறுபக்கம் இருந்தது. அகப்படவில்லை. அகப்படாததால் அற்புதம் இன்னும் பெரிதாயிற்று.

அதற்குப் பிறகு எப்படி ஓட்டையைப் பிரிப்பது? பிரித்தால் வியர்க்காது. ஏன் நின்றது என்று கேட்பார்கள். நான் அடைத்ததால் வியர்த்தது, பிரித்ததால் நின்றது என்று அந்த அம்மாவிடம் போய்ச் சொல்ல வேண்டும். மகன் அப்போது தடி ஊன்றி நடக்கத் தொடங்கியிருந்தான். ஸ்டான்லி நாளைக் கடத்தினான்.

மாசியில் வெயில் ஏற ஏற வியர்வை தானாக நின்றது. அவனுக்கு மூச்சு வந்தது. அது அதிக நாள் நிலைக்கவில்லை.

தவக்காலத்தின் கடைசியில் கோயிலில் உள்ள சுரூபங்களை, புனிதர் சிலைகளையெல்லாம், ஊதாத் துணியால் மூடிவிடுவது வழக்கம். ஈஸ்டர் இரவில்தான் திறப்பார்கள். சன்னலில் இருக்கிற செபஸ்தியாரை யாரும் எந்த வருஷமும் மூடியதில்லை. அவர் சுரூபம் அல்ல, சன்னல். ஆனால் இந்த வருஷம் அவருக்கு வியர்த்திருந்தது. வியர்க்கிறவரை எப்படிச் சன்னல் என்று சொல்வது? செபாஸ்தியம்மாள் நேர்ச்சையாகத் துணி எடுத்துக் கொடுத்தார். கெட்டியான ஊதா வெல்வெட். உள்ளே லைனிங். மேலே வளையம் தைத்து, சட்டத்தில் கம்பி அடித்து, சூசைமுத்து அதை மாட்டினார். தலையிலிருந்து இடுப்பு வரை மூடியது. கட்டுண்ட கால்கள் கீழே தெரிந்தன.

ஞாயிறு பூசைக்குப் போன ஸ்டான்லி அதைப் பார்த்தான். மேற்குப் பார்த்த கண்ணாடி. பாதிக்கு வெல்வெட். ஏசி. அந்த வருஷம் பெரிய வெள்ளி, சித்திரை முதல் தேதியில் வந்தது.

பூசையில் என்ன சொன்னார்கள் என்று அவனுக்குத் தெரியாது. அவன் காது சன்னலில் இருந்தது.

சன்னலுக்கு நேர் கீழே ஒரு பெஞ்ச். சீக்காளிகளும் வயசாளிகளும் அதில்தான் உட்காருவார்கள். செபஸ்தியாருடைய காலடி. செபாஸ்தியம்மாளும் தடியோடு மகனும் அங்கே இருந்தார்கள். மகனுக்கு மொட்டை போட்டிருந்தது. அந்தத் தலைக்கு மேல், ஒரே தகடாக, ஸ்டான்லி தூக்கி வைத்த கண்ணாடி நின்றது.

வெளியே வந்ததும் சூசைமுத்துவைப் பிடித்தான்.

"அண்ணே, அந்தத் துணி... வெயிலுக்கு ஆகாதுண்ணே. கண்ணாடி தாங்காது."

"யாரு போட்ட கண்ணாடி?"

"நாந்தான்."

"நீ போட்ட கண்ணாடி ஒரு துணிக்குத் தாங்காதுன்னா, அத எதுக்குப்பா போட்ட?"

"அதுக்கில்லண்ணே..."

"போயி அந்தம்மாகிட்டச் சொல்லு. அவுகளே கழட்டட்டும். நான் தொட மாட்டேன்."

அந்த அம்மாவிடம் போனான். "அத்தே, வெயிலு மூஞ்சியில அடிக்கும். கொஞ்சம் இங்கிட்டு வந்து ஒக்காருங்களேன்" என்று மட்டும் சொல்ல வாய் வந்தது.

"அவரு காலடிய விட்டுட்டு எங்கய்யா போவேன்? நீ நல்லாருப்ப. நீ போட்ட கண்ணாடியிலதான எனக்குக் காட்டுனாரு."

அவன் தலையாட்டிவிட்டு வந்தான்.

ஒவ்வொரு சாயங்காலமும் சைக்கிளை மிதித்து வடமதுரை ரோட்டுக்குப் போனான். வெயில் சன்னலில் இறங்கும்போது வெளிச்சுவரை ஒட்டி நின்று கேட்டான். ஏறி ஓட்டையைப் பிரித்துவிடலாம் என்று ஏணி கேட்டால், பெரிய வாரத்தில் கோயிலில் ஏணி போடக் கூடாது, சத்தம் கூடாது என்றார் சூசைமுத்து. சாதாரண நாட்களில் ஏசி செத்த நேரம்தான் ஓடும். அதனால் தாங்குகிறது என்று ஸ்டான்லிக்குத் தெரிந்தது. பெரிய வியாழன் இரவு நற்கருணையைச் சின்னக் கோயிலுக்கு எடுத்து வருவார்கள். மறுநாள் சாயங்காலம் வரை சனம் முறை வைத்து ஜெபிக்கும். ஏசி நிற்காது.

புதன்கிழமை, செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்கிற பாவசங்கீர்த்தனத்துக்குப் போனான். நேருக்கு நேராகச் சாமியாரிடம் சொல்ல அவனால் ஆகவில்லை. மறைப்புப் பலகைக்கு இந்தப் பக்கம் முட்டி போட்டால் வாய் திறக்கும் என்று தோன்றியது. திறந்தது.

"ஓட்டைய அடச்சுட்டேன் சாமி."

"என்ன ஓட்டை?"

சொன்னான். இன்ஜினியரம்மா சொன்னதை, குளவியை, எட்டு காட்டிய விரலை, வியர்வையை, துணியை, நகைக்கடையை.

"ஓட்டைய அடைக்கிறது பாவமில்லப்பா" என்றார் கடைசியில். பிறகு மெதுவாக, "ஒடையுமா?"

"ஒடையலாம் சாமி. ஒடையாமலும் இருக்கலாம்."

பலகைக்கு அந்தப் பக்கம் நாற்காலி கிரீச்சிட்டது.

"நல்லாக் கேளு. இங்க நீ சொன்னத வச்சு வெளிய நான் ஒண்ணும் பண்ண முடியாது. ஒரு துணியக்கூட எடுக்கச் சொல்ல முடியாது. எனக்கு அது கட்டு. வெளிய வந்து சொல்லு. ஒரு வார்த்த போதும், நானே எடுத்துர்றேன். சொல்லுவியா?"

"சொல்றேன் சாமி."

எழுந்து வெளியே வந்தான். வரிசையில் பெண்கள் நின்றார்கள். வரிசையின் நடுவில் செபாஸ்தியம்மாள். வேப்ப மரத்தடியில் நின்றுகொண்டு காத்திருந்தான். எல்லோருக்கும் கேட்டு முடித்துச் சாமியார் வெளியே வந்தார். கூடவே சூசைமுத்து சாவிக்கொத்தோடு. செபாஸ்தியம்மாள் மகன் தலையில் ஆசீர்வாதம் வாங்க அவரை மறித்தார். சாமியார் அந்தத் தலைமேல் கை வைத்துக்கொண்டே ஸ்டான்லியைப் பார்த்தார்.

"என்ன ஸ்டான்லி? ஏதாச்சும் சொல்லணுமா?"

எல்லோரும் திரும்பினார்கள்.

"ஒண்ணுமில்ல சாமி" என்றான். "வெயிலு ஜாஸ்தியா இருக்கு."

"ஆமா" என்றார் சாமியார். கொஞ்சம் நின்றார். "ஜாஸ்திதான்." இன்னும் கொஞ்சம் நின்றார். பிறகு போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து சகாயசெல்வியிடம் சொன்னான்.

"சாமிகிட்டச் சொல்லியாச்சுல்ல, அப்புறம் என்ன?"

"உள்ள சொன்னேன். வெளிய சொல்லல."

"இது என்னங்க கூத்து? அவருக்கும் தெரியும், ஒங்களுக்கும் தெரியும். ரெண்டு பேரும் வாயில கொழுக்கட்டைய வச்சிக்கிட்டு நிக்கிறீக. நாம்போயிச் சொல்றேன்."

"வேணாம் செல்வி. அடச்சது நான்னு தெரிஞ்சுபோகும்."

"தெரிஞ்சா தலைய வாங்கிருவாகளா?"

"அந்தம்மா மூஞ்சிய எப்படிப் பாக்குறது?"

அவள் சோற்றைப் போட்டாள். அவன் பிசைந்துகொண்டே இருந்தான்.

பெரிய வெள்ளி வழிபாடு மூன்று மணிக்கு. கோயில் கொள்ளாத கூட்டம். இடமில்லாதவர்கள் சின்னக் கோயிலுக்குள் நின்றார்கள். அங்கிருந்து பெரிய பீடம் தெரியாது, பாட்டும் வாசகமும் ஒலிபெருக்கியில்தான் கேட்கும். ஸ்டான்லி காலடிப் பெஞ்சின் ஓரத்தில் போய் உட்கார்ந்தான். விழுந்தால் தன்மேலும் விழட்டும் என்று நினைத்தானோ என்னவோ. பக்கத்தில் மொட்டைத் தலை. அதற்கடுத்து அம்மா.

ஏசி முந்தின நாள் இரவிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது. கால் விறைத்தது. கழுத்துக்குப் பின்னால் மட்டும் யாரோ அடுப்பைக் கொண்டுவந்து வைத்தாற்போல இருந்தது. இயேசு பட்ட பாடுகளின் வாசகம் நீண்டுகொண்டே போனது. வெயில் இறங்கி வந்தது. கட்டுண்ட கால்களின் மஞ்சள் நிறம் தரையில் விழுந்து, நகர்ந்து, அவன் செருப்பில்லாத காலில் ஏறியது.

டிக்.

மரச்சட்டமா, கண்ணாடியா? அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டான். பக்கத்தில் ஒருவரும் திரும்பவில்லை.

வாசகம் முடிந்து பிரசங்கம். பிரசங்கம் முடிந்து மன்றாட்டு. எல்லோரும் முட்டி போட்டார்கள், எழுந்தார்கள், முட்டி போட்டார்கள். மகன் முட்டி போட முடியாமல் தடியைப் பிடித்தபடி தலையை மட்டும் குனிந்தான். கண்ணாடியின் கீழ் ஓரத்துக்கு நேரே பிடரி. அம்மா அந்தப் பிடரியில் கை வைத்துக்கொண்டிருந்தார்.

டிக். இந்த முறை அது நிற்கவில்லை. டிக் டிக் என்று சட்டத்துக்குள் ஏதோ நடந்து போனது.

சொல்ல வேண்டும். வாயைத் திறந்தான். இருநூறு பேர் மௌனமாக இருக்கிற இடத்தில் எழுந்து நின்று எப்படிச் சொல்வது? ஒலிபெருக்கியில் சாமியாரின் குரல் எழுந்தது. மூடியிருக்கும் திருச்சிலுவையின் துணியை அவர் கொஞ்சம் கொஞ்சமாக விலக்குகிற நேரம். மூன்று தடவை பாடுவார். மூன்றாவதில் முழுவதும் திறந்துவிடும். முதல் தடவை பாடினார். சனம் பதில் பாடியது. அந்தச் சத்தத்தில் சட்டத்தின் சத்தம் கேட்காமல் போயிற்று. கேட்காமல் போனதுதான் ஸ்டான்லியால் தாங்க முடியவில்லை.

பெஞ்சின்மேல் ஏறிவிட்டான். ஏறினது அவனுக்கே பிறகுதான் தெரிந்தது. வெல்வெட்டின் கீழ் விளிம்பைப் பிடித்து இழுத்தான். வளையங்கள் கம்பியில் மாட்டிக்கொண்டன. இன்னும் இழுத்தான். கம்பி, ஆணி, துணி எல்லாம் சேர்ந்து அவன்மேல் சரிந்தன. வெயில் செபஸ்தியாரின் நெஞ்சு வழியாகச் சின்னக் கோயில் முழுக்கக் கொட்டியது.

பீடத்தைப் பார்க்க முடியாமல் நின்றிருந்தவர்கள் ஒரு கணம் இதுதான் சிலுவை திறப்பு என்று நினைத்துக்கொண்டார்கள். மடமடவென்று முட்டி போட்டார்கள். ஸ்டான்லி பெஞ்சின்மேல் துணியை அணைத்தபடி நிற்க, எதிரே அத்தனை பேரும் அவனைப் பார்த்து முட்டி போட்டிருந்தார்கள்.

அவன் வலது உள்ளங்கையைக் கண்ணாடியில் வைத்தான். வைத்த வேகத்தில் எடுத்தான். தோசைக்கல்லாகக் கொதித்தது.

"சுடுது" என்றான். அது மட்டும்தான் சொன்னான்.

பிறகு சூசைமுத்துவின் கை அவன் சட்டைக் காலரில் விழுந்தது. வெளியே இழுத்துப் போகும்போது யாரோ ஓங்கிக் குத்தினார்கள். யார் என்று பார்க்கவில்லை. காது இன்னும் சன்னலில் இருந்தது.

கண்ணாடி உடையவில்லை.

வழிபாடு முடிந்து, சிலுவையை முத்தமிட்டு, கூட்டம் கலைந்த பிறகு பங்குப்பேரவைக்காரர்கள் அவனைக் கூப்பிட்டார்கள். சாமியாரும் இருந்தார். இப்போது ஸ்டான்லி எல்லாவற்றையும் சொன்னான். ஓட்டையை அடைத்தது, ஈரம், சூடு எல்லாம். பயப்படுவதற்கு மிச்சம் ஒன்றும் இல்லாததால் தடங்கலில்லாமல் வந்தது. சூசைமுத்து போய்க் கண்ணாடியைத் தொட்டுவிட்டு வந்தார். வெயில் மரத்துக்குப் பின்னால் போயிருந்தது. ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

"ஐஸு மாதிரி இருக்கு" என்றார்.

"அப்பச் சுட்டுச்சுண்ணே."

"ஒடையலயே?"

"துணிய எடுத்ததுனால ஒடையல."

"எடுக்காட்டியும் ஒடஞ்சிருக்காது."

ஸ்டான்லி சாமியாரைப் பார்த்தான். அவருக்கு முன்பே தெரியும். தெரியும் என்று அவர் சொல்லக் கூடாது. மேசையில் இருந்த துணியை மடித்துக்கொண்டிருந்தார். ஒருமுறை மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தார்.

ஈஸ்டர் முடிந்து சத்யபிரியா வந்தாள். ஓட்டைகளைப் பார்த்துவிட்டு ஸ்டான்லியை ஒரு பார்வை பார்த்தாள். திட்டவில்லை. கூடவே நின்று சிலிக்கானைப் பிரிக்க வைத்து, தான் கொண்டுவந்த சன்னக் கம்பி வலையை அடிக்க வைத்தாள். பேரவைக்காரர்கள் கேட்டார்கள்: "ஒடஞ்சிருக்குமா மேடம்?"

"ஒடையறதுக்கு வேண்டியதெல்லாம் இருந்துச்சு."

"அப்ப ஒடஞ்சிருக்கும்?"

"அத யாராலயும் சொல்ல முடியாதுங்க."

அது அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. ஸ்டான்லி 'துணி உருவுனவன்' ஆனான். பெரிய வெள்ளியன்று புனிதரின் துணியை உருவினவன். சந்தையில் யாராவது வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, "ஏலே, துணி உருவுனவன் வாரான்" என்பார்கள். நாளடைவில் அவனுக்கே ஒரு சந்தேகம் வந்தது. சுட்டதா? சுட்டது. உடைகிற அளவுக்குச் சுட்டதா? கண்ணாடி ஒவ்வொரு ஞாயிறும் முழுசாக நின்று அவனைப் பார்த்தது. ஒரு கீறல் விழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்துவிட்டு, அப்படி நினைத்ததற்காக நடுங்கினான்.

அடுத்த ஜனவரித் திருநாளில் செபஸ்தியாருக்கு வியர்க்கவில்லை. அவன் காரணம் சொல்லியும் ஆயிற்று, சொன்னது எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தும் ஆயிற்று. செபாஸ்தியம்மாள் அவனோடு பேசுவதில்லை. எதிரே வந்தால் முந்தானையை இழுத்துக்கொண்டு போய்விடுவார்.

தவக்காலம் வந்தது. ஒருநாள் முன்மத்தியானத்தில் அவரே அவனுடைய கண்ணாடிக் கடைக்கு வந்தார். ஸ்டான்லி சாமி படத்துக்குக் கண்ணாடி அறுத்துக்கொண்டிருந்தான். கட்டரை வைத்துவிட்டு எழுந்தான்.

"துணி கேட்டுச் சூசைமுத்து வந்தாரு" என்றார் செபாஸ்தியம்மாள். "சுரூபமெல்லாம் மூடப் போறாகளாம். சன்னலுக்கும் போடணும்னாரு."

"அத்தே..."

"நீ ஓட்டைய அடச்ச. அதனால தண்ணி நின்னுச்சு. அப்படித்தான சொன்ன?"

"ஆமாத்தே."

"அது ஒன் வேலை. நீ சொல்லிக்க. எம் பிள்ள கண்ணு முழிச்சதுக்கு நீயா ஓட்ட போட்ட?" மூச்சு வாங்கினார். "நாங் கேக்க வந்தது வேற. துணிய இழுத்துட்டுச் சுடுதுன்னியே. நானும் பக்கத்துல இருந்தேன். எங்காதுல விழுந்துச்சு. நெசமாவே சுட்டுச்சா?"

"சுட்டுச்சு."

"அவருக்குச் சுட்டுச்சா?"

ஸ்டான்லி விழித்தான். சுட்டது உள்கண்ணாடி. வெளிக்கண்ணாடி அதைவிடச் சுட்டிருக்கும், சிவப்பும் நீலமும் வெயிலைக் குடிக்கிற நிறங்கள். அவர் இருப்பது வெளிக்கண்ணாடியில்.

"சுட்டிருக்கும்" என்றான்.

"அம்பு தச்ச ஒடம்பு. அதுல நான் வெல்வெட்டப் போட்டு வேக வச்சிருக்கேன்." அவர் முகம் கோணியது. "தர மாட்டேன்னு சொல்லிட்டேன். இனி எந்த வருசமும் தர மாட்டேன். வேற யாரும் போட்டா நானே ஏறி உருவுவேன். எந்தக் கை?"

"என்னத்தே?"

"தொட்டது எந்தக் கை?"

அவன் யோசிக்காமல் வலது கையை நீட்டினான். செபாஸ்தியம்மாள் அதை இரண்டு கைகளாலும் பிடித்தார். உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். அதில் ஒன்றும் இல்லை. ஒரு தழும்புகூட இல்லாத கை. அவர் குனிந்து அதைத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டார், முதலில் இடது கண்ணில், பிறகு வலது கண்ணில்.

கடை வாசலில் இரண்டு பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி கோயிலுக்குள் நுழைவதுபோலச் செருப்பைக் கழற்றினாள்.

ஸ்டான்லி கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். இழுத்த கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.